கை பட்ட வண்டி

ஜனவரி 8, ஞாயிறு

எதிராஜை இன்று நான்தான் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். போன வாரம் காரை வெளியே எடுக்கும்போது கேட் தூணில் உரசிவிட்டார். தூண் கட்டியிருக்கும் இடமே தவறு. நாங்கள் இந்த வீடு வாங்கியபோதே நான் அவரிடம் சொன்னேன்.

கூட்டம் என்றால் பொம்மைக் கார் சேகரிப்பவர்களின் கூட்டம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, திருவல்லிக்கேணியில் ரஹ்மத்துல்லாவின் ஸ்டேஷனரி கடைக்கு மேலே உள்ள அறையில். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளங்கை அளவு உலோகக் கார்களைக் கவிழ்த்துப் போட்டுப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். மருந்துக்கடை சேகர் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், பொண்ணு பாக்குற மாதிரி இருக்கா? இங்க பொண்ணுக்கு அடிவயித்தத்தான் மொதல்ல பாப்போம்" என்றார். நான் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

எதிராஜுக்கு அங்கே நீதிபதியின் நாற்காலி. யார் என்ன வண்டி கொண்டுவந்தாலும் கடைசியில் அவர் கைக்கு வரும். கவிழ்த்து, அடித்தகட்டை மேல்பாகத்தோடு சேர்க்கும் ஆணியின் தலையைப் பார்ப்பார். முகர்ந்துகூடப் பார்ப்பார். பிறகு இரண்டே தீர்ப்புகள்தான்: "ஒரிஜினல்" அல்லது "கை பட்டது". கை பட்டது என்றால் பின்னால் யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். இவர்கள் உலகத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பெயிண்ட் உதிர்ந்து அம்மைத் தழும்போடு நிற்கும் வண்டிக்கு மரியாதை உண்டு. புதுப் பெயிண்டில் பளபளக்கும் வண்டிக்கு இல்லை.

சந்தேகத்துக்குரிய வண்டி மேசை நடுவில் சக்கரம் மேலே இருக்கும்படி கிடக்கும். கொண்டுவந்தவரே தன் வாயால் "கை பட்டது" என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். இந்த விதியை உண்டாக்கியவர் எதிராஜ். இரண்டு வருடத்துக்கு முன்பு பெரம்பூர் ஞானப்பிரகாசம் அப்படிப் போனார். அதன்பின் அவர் வரவில்லை.

இன்று எதிராஜ் கார்கி கம்பெனியைப் பற்றி வழக்கம்போல ஒரு பிரசங்கம் செய்தார். பொம்மைக் காரின் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு விற்பனையைப் பிடித்தவர்கள் அவர்கள்தானாம். நடுவில், "லிவர்பூல்ல ஆரம்பிச்சாங்க" என்றார்.

"அண்ணே, லிவர்பூல் டிங்கி கம்பெனி. கார்கி வேல்ஸ் பக்கம்" என்றார் ரஹ்மத்துல்லா.

"அதான்யா சொன்னேன்" என்றார் எதிராஜ்.

வாய் தவறுவது யாருக்கும் நடக்கும்.

ஜனவரி 15

சர்க்கரைப் பொங்கலில் உப்பு. அடுப்பைப் பார்த்துக்கொண்டது அவர். டப்பாக்களை மாற்றி வைத்தது நானாகவும் இருக்கலாம்.

ஜனவரி 22

விடைத்தாள் திருத்தல். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் துத்தநாகக் கலவை உலோகம் பற்றிய கேள்விக்கு மனப்பாடம் செய்ததை எழுதுகிறார்கள். ஒருத்திகூட, கலவையில் ஈயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற பகுதியைத் தொடவில்லை. என் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. போருக்கு முந்தைய டிங்கி லாரி ஒன்று. யாரும் தொடாமல், அலமாரியில் இருந்தபடியே வீங்கி, விரிசல் விட்டு, பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. வார்த்தபோதே உள்ளே புகுந்த ஈயம். எதிராஜ் அதைத் தனியாக ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்.

இவருடைய கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை. லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். ஒரு பொம்மைக் கம்பெனியின் பங்குதாரர் தன் மகளுக்காகச் சின்னஞ்சிறு வண்டி செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாராம். அப்படித்தான் மேட்ச்பாக்ஸ் பிறந்ததாம். நல்ல கதை. நல்ல கதைகளைக் கண்டால் எனக்கு எச்சரிக்கை வரும். ஆனால் டிங்கியின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்ததும், அடியில் டிங்கி என்ற பெயரைச் சுரண்டிவிட்டு நிக்கி என்று போட்டதும் உண்மை. சுரண்டிய தழும்பை நானே கையால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

நிச்சயம் முடிந்த வாரம் அவர் எனக்கு ஒரு மேட்ச்பாக்ஸ் பால் வண்டி கொடுத்தார். பெட்டியோடு. "பெட்டியத் தொறக்காத வசு. தொறந்தா அதோட ஆயுசு ஆரம்பிச்சிடும்" என்றார். அதை என் புடவை அலமாரியில் வைத்தேன். இன்னும் திறக்கவில்லை.

பின்னறையில் தின்னர் வாடை. பக்கத்து வீட்டில் கிரில்லுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் போலும்.

பிப்ரவரி 9

கல்லூரியிலிருந்து வந்தால் ரஹ்மத்துல்லா ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. முன்னே கைக்குட்டை விரித்து, அதன் மேல் ஒரு பச்சை ஹெரால்டு. நிக்கி பொம்மை. அதன் பெரிய அண்ணனான நிஜக் காரை இதே சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். தீபாவளிக்கு முன்னால் எதிராஜ் இதை அவருக்குக் கொடுத்து, பதிலுக்கு அவருடைய டிங்கி மாடி பஸ்ஸை வாங்கிக்கொண்டார். இவர்கள் வட்டத்தில் பண்டமாற்று சகஜம். அதிலும் பச்சை ஹெரால்டு அபூர்வம் என்று எதிராஜே சொல்லியிருந்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கதவுப் பக்கம் உரிஞ்சிருக்கு. அடியில கிரீம் கலர் தெரியுது. ஆணியையும் பாத்தேன், வண்டியக் கழட்டத் தொளச்சி மறுபடி ஒட்டவெச்சிருக்கு."

எதிராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது ஒரிஜினல்" என்றார்.

"அண்ணே, ஆணியப் பாக்கச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே."

"ஒரிஜினல்னு சொல்றேன்ல? நான் சொன்னா ஒரிஜினல்யா!"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ரஹ்மத்துல்லா எழுந்தார். வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அண்ணி. அந்த பஸ்ஸு மட்டும். அது அத்தா மூர் மார்க்கெட்ல எனக்கு வாங்கிக்குடுத்தது. அண்ணன் கேட்டாரேன்னுதான் குடுத்தேன். அவரு கேட்டு எப்படி இல்லேன்னு சொல்றது?"

கூட்டத்தில் இதை வைத்தே ஆக வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்களாம். ஹெரால்டை என்னிடம் விட்டுப் போனார். "நீங்க சயின்ஸ் படிச்சவங்க. நீங்களே பாருங்க."

பிப்ரவரி 10

பார்த்தேன். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன். சூளையில் சுட்டு இறுக்கிய பழைய எனாமல் அதற்கு எளிதில் அசையாது. பின்னால் அடித்த பெயிண்ட் உடனே கரையும். குச்சி பச்சையாயிற்று. ஒரு சோதனையால் எதுவும் நிரூபணமாவதில்லை. கூரையில், பின்பக்கத்தில், மறுபடி கதவில் செய்தேன். குச்சிகள் எல்லாம் பச்சை.

அவர் நடக்கப் போன நேரத்தில் பின்னறை அலமாரியைத் திறந்தேன். எத்தனையோ மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. அவருடைய இடம் என்று விட்டுவிடுவது என் வழக்கம்.

எல்லாம் பச்சை.

ஹெரால்டு நேர்த்தியான வேலை. மற்றவை அப்படி இல்லை. போகப் போக மோசம். மேல்தட்டில் சக்கரங்களை விட்டுவிட்டு அடித்திருக்கிறார். நடுத்தட்டில் சக்கரமும் பச்சை. கீழ்த்தட்டில் கார்கி வண்டிகள். ஜன்னல்களையும் அடைத்துப் பூசியிருக்கிறார். பிரஷ் மயிர் ஒட்டியபடி காய்ந்திருக்கிறது. ரஹ்மத்துல்லாவின் பஸ் அங்கேதான் இருந்தது. இரண்டு மாடியும் பச்சை. உள்ளே எதுவும் தெரியவில்லை.

அந்தப் பச்சை எங்கள் கேட்டின் பச்சை. ஏமாற்றுகிறவன் கேட் பெயிண்டை எடுக்க மாட்டான். ஏமாற்றுகிறவன் தன் வண்டிகளையே அழிக்க மாட்டான்.

கிண்ணத்தில் இருந்த உதிர்ந்த லாரிக்கும் பூசியிருந்தார். பொடிக்கு.

அலமாரியை மூடினேன். கத்தரிக்காய் வதக்கினேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. எதிராஜுக்குக் காய்ச்சல் என்று சேகரிடம் சொன்னேன். அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

பிப்ரவரி 24

நரம்பியல் டாக்டர். சின்னப் பெண், என் மாணவியாக இருந்திருக்கலாம். தெரிந்த விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றாள்.

"பசு, நாய்" என்றார் எதிராஜ். நிறுத்தினார். பிறகு மளமளவென்று, "ஜாகுவார், இம்பாலா, மஸ்டாங், கார்கி" என்றார்.

எல்லாமே விலங்குகளின் பெயர்களும்தான் என்பதால் டாக்டர் சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டாள். அவர் விலங்குகளைச் சொல்லவில்லை, கார்களைச் சொன்னார். வீட்டில் அலமாரித் தட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் படித்தார். தட்டு முடிந்ததும் ஒன்றும் வரவில்லை. பூனைகூட வரவில்லை.

கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டு அதற்கு நான்கு சக்கரம் போட்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். நோயின் பெயரை என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. எப்போது ஆரம்பித்திருக்கும் என்று கேட்டேன். "சொல்ல முடியாது மேடம். வருஷக்கணக்கா இருக்கலாம். வீட்ல இருக்கறவங்க பொதுவா முன்னாடியே கவனிச்சிருப்பாங்க."

பார்க்கிங்கில் காரைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கண்ணில் தூசி.

மார்ச் 5

காலையில் குளித்துவிட்டு வந்து, துண்டோடு என் எதிரில் உட்கார்ந்தார். முகம் பழைய முகமாக இருந்தது.

"வசு, பஸ்ஸு எங்க?"

"அலமாரியில. பச்சையா இருக்கு."

"நானா?"

"ஆமா."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ரஹ்மத்துகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. சொல்லணும். உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா எல்லாரும் இத இதோட விட்டுடுவாங்க."

"சொல்லாத." என் மணிக்கட்டைப் பிடித்தார். "எதிராஜ் ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டுப் போறாங்க, போகட்டும். மூளை கலங்கிடுச்சு, பாவம்னு சொல்ல வெச்சிடாத. அப்புறம் நான் இத்தன வருஷமா ஒரிஜினல்னு சொன்ன ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாப்பானுங்க. அன்னிக்கே கலங்கியிருந்துச்சோன்னு."

"ஏமாத்துக்காரன்னு தெரிஞ்சாலும் திருப்பிப் பாப்பாங்களே."

"பாக்கட்டும். ஏமாத்தணும்னா ஒரிஜினல் எதுன்னு தெரிஞ்சிருக்கணும் இல்ல? கண்ணு நல்ல கண்ணுன்னாவது இருக்கும்."

வாதத்தில் ஓட்டை தேடினேன். இருந்திருக்கும். கிடைக்கவில்லை. சரி என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, சட்டையைப் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டு வந்து காப்பி கேட்டார். ஏற்கெனவே குடித்திருந்தார்.

மார்ச் 12, ஞாயிறு

தனியாகப் போகத்தான் நினைத்தேன். நான் கிளம்புவதற்குள் அவர் இஸ்திரி போட்ட சட்டையில், பையில் பூதக்கண்ணாடியோடு, காரில் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

ரஹ்மத்துல்லா கடை வாசலில் காத்திருந்தார். எதிராஜை மேலே அனுப்பிவிட்டு என்னை நிறுத்தினார். "அண்ணி, ஒண்ணு கேக்குறேன். அண்ணனுக்கு உடம்புல ஏதாச்சும்…? அன்னிக்குக் கத்தினது அவரு மாதிரியே இல்ல. அப்படி ஏதாவதுன்னா சொல்லிடுங்க. இந்தப் பேச்சையே எடுக்காம முடிச்சிடுறேன்."

நல்ல மனிதர். நாங்கள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதில் நுழைந்திருக்கலாம்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சாரா?"

"தெரிஞ்சேதான்."

"பஸ்ஸு?"

"அது இப்ப எங்ககிட்ட இல்ல. வேற யாருக்கோ குடுத்துட்டார்."

பஸ் ஜன்னல்கூட விடாமல் பூசிய அந்தக் கோலத்தில் மேசைக்கு வந்தால், பார்க்கிற எவருக்கும் ஒரே நொடியில் விஷயம் விளங்கிவிடும். அதனால் அப்படிச் சொன்னேன். அவர் கல்லாவில் இருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு, "சரி, மேல போலாம் அண்ணி" என்றார். அப்போதும் அண்ணி என்றுதான் சொன்னார்.

ஹெரால்டை அவரிடம் கொடுத்தேன். கொண்டுபோய் மேசை நடுவில் சக்கரம் மேலே இருக்கும்படி வைத்தார். ஞானப்பிரகாசத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரயில் கோச் பேக்டரியில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்தவராம். "வாங்க நீதிபதி ஐயா. இன்னிக்கு எந்தப் பக்கம் ஒக்காரப் போறீங்க?" என்றார். சிலர் செருமினார்கள்.

எதிராஜ் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் தடுக்கவில்லை. கை நீட்டி ஹெரால்டை எடுத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணருகே பிடித்தார். அந்த விரல்களில் நடுக்கமே இல்லை. ஆணியைப் பார்த்தார், கதவு இடுக்கைப் பார்த்தார், முகர்ந்தார். மேசையில் வைத்தார்.

"கை பட்டது" என்றார். "ஆணி தொளச்சிருக்கு. பெயிண்டு வீட்டுப் பெயிண்டு. யாரு கொண்டாந்தது இத?"

மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யாருன்னு கேக்குறேன். எவனா இருந்தாலும் இனிமே உள்ள விடாதீங்க."

சேகர் குழம்பிப் போய், "அண்ணே, இது நீங்க…" என்று ஆரம்பித்தார். ரஹ்மத்துல்லா என் பக்கம் திரும்பினார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஞானப்பிரகாசம் கைதட்டினார். "அடேங்கப்பா! என்னா நடிப்புய்யா! தன் சரக்கையே யாருதுன்னு கேக்குறாரு பாரு. என்னை வெளிய அனுப்புனப்பவும் இதே மூஞ்சிதான். கொஞ்சம்கூட ஆடல."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குக் கோபம் வந்தது. அவர்கள் சிரித்ததைப் பார்த்து எதிராஜும் சிரித்தார். அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. அதாவது, எங்களுக்கு வசதியாக.

நான் எழுந்தேன். "ஆமா, நடிப்புதான். அவர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன். கை பட்டது." ஹெரால்டை எடுத்துக்கொண்டேன். அவர் கையையும்.

கீழே செருப்பு மாட்டும்போது அவர் இடதை வலதில் மாட்டிவிட்டார். நான் குனிவதற்குள் பின்னாலிருந்து வந்த ஒருவர் குனிந்தார். ஞானப்பிரகாசம். செருப்பைக் கழற்றி, மாற்றி, குதிகாலைப் பிடித்து மாட்டிவிட்டார். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. "வாசப்படி பாத்து எறங்குங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

மாடியில் கைதட்டியபோது அவர் பழிதீர்த்தாரா, காப்பாற்றினாரா? இரண்டு விளக்கமும் பொருந்துகின்றன. எதையும் தள்ள என்னிடம் ஆதாரம் இல்லை.

மார்ச் 15

பஸ்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். விரல்நுனி அளவு இடம், ஒரு குச்சி, உடனே உலர்ந்த துணி. அடியில் சிவப்பு பத்திரமாக இருக்கிறது. கல்லூரி முடிந்து வந்ததும் சமையலறையில் இதுதான் வேலை.

மார்ச் 20

மாடி முழுக்கச் சிவப்பு வந்திருந்தது. இன்று வந்து பார்த்தால் மறுபடி பச்சை. ஈரம் காயவில்லை. ஒளித்துத்தான் வைத்திருந்தேன். தேடி எடுத்திருக்கிறார்.

"ஏன்?" என்றேன்.

"உரிஞ்சு போச்சு வசு, அசிங்கமா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்றார். சந்தோஷமாக இருந்தார்.

பெயிண்ட் டப்பாவைத் தூக்கி எறிந்தேன். மாலை முழுவதும் கதவுகளைத் திறந்து திறந்து மூடினார். அழுதார். அவர் அப்பா இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் 21

கடையில் அதே பச்சை வாங்கினேன். "கேட்டுக்கா மேடம்?" என்றான். ஆமாம் என்றேன்.

புடவை அலமாரியிலிருந்து என் பால் வண்டியை எடுத்தேன். பெட்டியின் மடிப்பு என் நகம் பட்டதும் கிழிந்தது. உள்ளே வண்டி நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. அவர் முன்னால் வைத்தேன். பிரஷையும்.

"யாரோடது?" என்றார்.

"யாரோ குடுத்தாங்க. சரி பண்ணணுமாம்."

நாள் முழுவதும் அதிலேயே இருந்தார். நான் பஸ்ஸைத் துடைத்தேன்.

ஏப்ரல் 4

பஸ் முடிந்தது. ஜன்னல் மூலைகளில் மட்டும் கொஞ்சம் பச்சை நிற்கிறது. அதை எடுக்கப் போனால் கண்ணாடி கெடும். பெயர் போடாமல் கூரியரில் ரஹ்மத்துல்லா கடைக்கு அனுப்பினேன். யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 7

ரஹ்மத்துல்லா போன் செய்தார். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணன் சாப்ட்டாரா அண்ணி?"

"சாப்ட்டார்."

"நல்லா இருக்காருல்ல?"

"நல்லா இருக்கார்."

கல்லாவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"நாங்க யாரும் எதையும் திருப்பிப் பாக்கல அண்ணி" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

எவ்வளவு தெரிந்து சொன்னார் என்று தெரியவில்லை. கேட்பதாகவும் இல்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. விடிந்ததும் சட்டை கேட்டார், பூதக்கண்ணாடி கேட்டார். கூட்டம் இங்கேதான் என்றேன். சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, பால் வண்டியை நடுவில் சக்கரம் மேலே இருக்கும்படி வைத்தேன். வேறு எதை வைப்பது?

எடுத்தார். ஆணியைப் பார்த்தார், முகர்ந்தார். எத்தனையோ முறை பார்த்த அதே தலையசைப்பு.

"கை பட்டது. நல்ல பீஸு, பாழாக்கிட்டாங்க. யாரு பண்ணது?"

"நான்தான்" என்றேன்.

என்னை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்தான். "அப்ப நீங்க வெளிய போகணும். ரூல் அது" என்றார்.

கல்யாணமாகி ஒரு நாளும் அவர் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். தூணில் அவர் உரசிய தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட் எடுக்க வந்தவர், "என்ன மேடம், காலையிலேயே" என்றார். காற்றுக்கு என்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து எதிராஜின் குரல் கேட்டது. காலி நாற்காலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வசு எங்க? யாராவது பாத்தீங்களா, எங்க போனா அவ?"